சித்தப்பாவும் சீரியல் சத்தமும்

சித்தப்பாவுக்குக் காது கேட்காது என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும். "காதுல விழுது. என்ன சொல்றாங்கன்னுதான் பிடிபடல" என்பார். அவர் சொல்வதுதான் சரி. கூடத்தில் எதிரே உட்கார்ந்து பேசினால் ஒரு சொல் தவறாது. கல்யாணப் பந்தியில் மேளமும் பாத்திரச் சத்தமும் சேர்ந்துகொண்டால், யார் எது கேட்டாலும் சிரித்துத் தலையாட்டிவிடுவார். வேண்டாத பாயசம் இலையில் விழுவது அப்படித்தான்.

வயதானால் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் தேயும். ஆ, ஓ எல்லாம் கனமாகக் கேட்கும். கடையா வடையா படையா என்று பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் நழுவிவிடும். விட்டதை மூளை ஊகித்து நிரப்பும். இரைச்சலில் அந்த ஊகத்துக்கும் பிடி கிடைக்காது. காது மிஷினோ பேச்சோடு இரைச்சலையும் கூட்டிக் கொடுக்கும்.

இதற்கென்றே பயிற்சி உண்டு. பலர் பேசும் சலசலப்புக்கு நடுவே ஒரு வாக்கியம் வரும். திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் சலசலப்பு கூடும், தப்பினால் குறையும். கலிஃபோர்னியாவில் உருவான 'லேஸ்' என்ற கணினிப் பயிற்சி பேர்பெற்றது. ஆனால் அது ஆங்கிலம் கேட்பவர்களுக்கு. சித்தப்பாவுக்கு ஆடியாலஜிஸ்ட் சொன்ன வழி எளிது: டிவியில் சீரியல் ஓட, சித்தி பேப்பர் படிக்க வேண்டும், நாளாக ஆக டிவி சத்தத்தைக் கூட்ட வேண்டும்.

"நாளை கடையடைப்பு" என்று படித்தாள் சித்தி.

"வடையடைப்பா? எதுக்கு?"

பலன் உண்டா? பயின்ற பாடத்தில் கெட்டிக்காரர் ஆகிறார்கள். அது பந்தி வரை வந்து சேருமா என்பதுதான் சந்தேகம். அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், மிஷினோடு லேஸ் பயிற்சியும் எடுத்தவர்கள், மிஷின் மட்டும் வாங்கியவர்களைவிடத் தேறிவிடவில்லை. என்னைக் கேட்டால், சித்தப்பா அடைந்த லாபம் காதில் இல்லை. சும்மா தலையாட்டுவதை விட்டு, "எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?" என்று விட்ட இடத்தை மட்டும் கேட்கிறார். மேளத்துக்கு முதுகு காட்டி உட்காருகிறார். நாமும் முகம் பார்த்துப் பேசினால் பாதி வேலை முடியும். அதற்கு யாரும் நமக்குப் பயிற்சி கொடுப்பதில்லை!

பழகிய குரலுக்கும் ஒரு சலுகை இருக்கிறது. கனடாவில் இங்கிரிட் ஜான்ஸ்ரூட் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரு குரல்கள் கலந்து ஒலிக்கும்போது துணையின் பேச்சு அன்னியர் பேச்சைவிட எளிதாகப் புரிகிறது. நடுவயதுக்காரர்களுக்கு இன்னொன்றும் எளிதாம்: துணையின் குரலை ஒதுக்கிவிட்டு அடுத்தவர் பேச்சைக் கேட்பது.

சித்தியிடம் சொன்னேன். "இதுக்கு கனடா வரைக்கும் போகணுமா?" என்றாள்.