நடந்து போகிற தூரம்

டெல்லி ஜங்புரா. பாராபுல்லா நாலா என்னும் வடிகாலின் கரை. 2025 ஜூன் 1, ஞாயிறு காலை. தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பின் 370 வீடுகளை இடிக்கத் தொடங்க உயர்நீதிமன்றம் குறித்த நாள். மழைக்காலம் வருவதற்குள் நாலாவைத் தூர்வார வேண்டும்.

புல்டோசர் ஓயும்போதெல்லாம் தமிழ் கேட்கிறது.

சாலையோரம் இரண்டு பெண்கள். நடுவே ஒரு அம்மிக்கல். நேற்றுவரை இருவர் வீட்டுக்கும் ஒரே சுவர்.

"ஒனக்கு எத்தனாவது மாடிக்கா?"

"மூணாவது."

மூத்தவர் பெயர் மாற்று வீட்டுப் பட்டியலில் இருக்கிறது. தகுதி பெற்ற 189 குடும்பங்களில் ஒன்று, நரேலாவில் வீடு. இளையவர் பெயர் இல்லை.

போன் அடிக்கிறது. மூத்தவர் இந்திக்கு மாறுகிறார். நாளைக்கு வர நேரமாகும் பாபிஜி என்கிறார். எத்தனை மணிக்கு என்று கேட்டிருப்பார்கள் போல. பதில் இல்லை. "ஜி... ஜி..." என்று வைத்துவிடுகிறார்.

வேலை நாலு வீட்டில். நாலுக்கும் நடந்தே போய்வந்தவர். நிஜாமுதீன் ரயில் நிலையமும் ஜங்புரா மெட்ரோவும் அருகில்தான். அவருக்கு இரண்டும் தேவைப்படவில்லை. இனி வேண்டும். ஆனால் நரேலா 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தப் பக்கம் மெட்ரோ போட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததே 2024 டிசம்பரில்தான்.

"நான் இங்கயே ஆஷ்ரம் ஏரியா பக்கம் ரூம் பாக்குறேன்க்கா. வாடகை போனாப் போவுது, வேலையாவது நிக்கும்."

மூத்தவர் அவளையே பார்க்கிறார். பிறகு அம்மியைக் காலால் மெல்ல நகர்த்துகிறார்.

"நீயே வச்சுக்க. மூணாவது மாடிக்கு யாரு தூக்குறது?"

"நான் எங்கக்கா வைப்பேன்?"

டெம்போக்காரர் ஹாரன் அடிக்கிறார். சிலிண்டர், சாமி படம், ஸ்டீல் டிரம் எல்லாம் ஏறுகின்றன. அம்மி ஏறவில்லை.

மெட்ரோ நிலையங்களைச் சுற்றி உயர உயரக் கட்டிக்கொள்ள 2019-இல் டெல்லிக்கு ஒரு கொள்கை வந்தது. அதற்கு முன்பே, 2015-இல், குடிசைவாசிகளுக்கும் ஒன்று வந்திருந்தது: மாற்று வீட்டை இருக்கும் இடத்திலேயே தர வேண்டும், முடியாவிட்டால் 5 கிலோமீட்டருக்குள். அதைத் தாண்டுவது விதிவிலக்கு.

டெம்போ அந்த விதிவிலக்கை நோக்கிக் கிளம்புகிறது. இளையவர் அம்மிமேல் உட்கார்ந்திருக்கிறார்.