கோழி ஏலமும் மஞ்சள் உறையும்

ஜெர்மனிக்கு வேலைக்கு வரும் நம் ஊர்க் கிறிஸ்தவப் பையன்களுக்கு விமானம் ஏறும் முன்பே வாட்ஸ்அப்பில் ஓர் உபதேசம் வந்துவிடும். முகவரி பதியப் போகும்போது படிவத்தில் மதம் கேட்பார்கள், ஒன்றுமில்லை என்று போட்டுவிடு என்பதுதான் அது. விசுவாசம் குறைந்துபோய்ச் சொல்வதில்லை, கணக்குப் பார்த்துச் சொல்வது. அந்தக் கட்டத்தில் புரொட்டஸ்டண்ட் என்றோ கத்தோலிக்கர் என்றோ எழுதினால் மாதாமாதம் சம்பளத்திலேயே சபை வரி பிடித்துவிடுவார்கள். பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் இரண்டிலும் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். 9 சதவீத மாநிலத்தில் மாதம் 500 யூரோ வருமான வரி கட்டுகிறவருக்குச் சபை வரி 45 யூரோ வரும். தசமபாகம் பற்றிப் பிரசங்கம் கேட்டே வளர்ந்தவர்களுக்கு இது பெரிய தொகையா? இல்லைதான். ஆனாலும் ஊரில் காணிக்கைப் பையில் தாராளமாகப் போட்ட கை, இங்கே அந்தக் கட்டத்துக்கு நேராக வந்ததும் நின்றுவிடுகிறது.

இதை வெறும் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. சம்பளச் சீட்டில் ஒரு வரியாகப் போகிற பணத்தை யாரும் பார்ப்பதில்லை, வாங்கிக்கொண்டு யாரும் ஸ்தோத்திரம் சொல்வதுமில்லை. நாம் கொடுக்கப் பழகிய விதமே வேறு.

நான் திருநெல்வேலிச் சீமைக்காரன். எங்கள் பக்கத்து அறுப்பின் பண்டிகையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஏலம் மறக்காது. வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, ஒரு கூடை முட்டை, காலைக் கட்டிப் போட்ட சேவல் என்று எல்லாம் கோயில் முற்றத்துக்கு வந்துவிடும். ஒரு தரம், ரெண்டு தரம் என்று விலை ஏறும். சந்தையில் விற்பதைப்போல நாலு மடங்கு கொடுத்து ஒருவர் சேவலை எடுப்பார். எடுத்த கையோடு அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்து, மறுபடியும் ஏலம் விடுங்க என்பார். கூட்டம் ஆரவாரம் செய்யும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்ற மலைப்பிரசங்கப் பாடத்தைக் காலை ஆராதனையில் கேட்டுவிட்டு வந்தவர்கள்தான் எல்லோரும். டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தைக் குறைத்ததும் நாங்கள்தான்.

கேலிக்காகச் சொல்லவில்லை. ஊர் அறியக் கொடுப்பதில் பெருமை கலந்திருக்கும், உண்மை. ஆனால் அந்த ஆரவாரம் கருமியின் கையையும் மடியை அவிழ்க்க வைக்கும். அதே பணத்தில்தான் அசனம் என்னும் சபை விருந்து நடக்கும். பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் வேகும். காணிக்கை போட்டவரும் போடாதவரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். நீ ஏழை என்பதற்கு அத்தாட்சி என்ன என்று பரிமாறுகிறவர் கேட்க மாட்டார்.

வெளிநாடு வந்த பிறகும் எங்கள் தாராளம் அந்த முற்றத்தையே சுற்றி வருகிறது. கோபுர வேலை பாதியில் நிற்கிறது என்று சபைக் கமிட்டியிலிருந்து போன் வந்தால், அன்று ராத்திரியே பணம் அனுப்பிவிடுவோம். யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் மனசுக்குள் ஒரு மிடுக்கு வரும். குடியிருக்கும் ஊருக்கோ ஒன்றும் செய்வதில்லை. சம்பாதிக்க இந்த ஊர், கொடுக்க அந்த ஊர் என்று பாகம் பிரித்துவிட்டோம்.

நான் இருப்பது ஹாலே நகரம். தரங்கம்பாடியோடு தொப்புள்கொடி உறவு உள்ள ஊர். 1695இல், அப்போது நகருக்கு வெளியே இருந்த கிளௌகா என்ற ஏழைக் குடியிருப்பில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற போதகர் தன் வீட்டில் வைத்திருந்த தர்மப்பெட்டியில் 4 தாலரும் 16 குரோஷனும் விழுந்தன. இந்த முதலை வைத்து உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று அவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அதிலிருந்து அநாதை இல்லம், அச்சகம், மருந்தகம் என்று ஒரு சிறு நகரமே வளர்ந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க் ஹாலேயில் பயின்றவர். பின்னர் தமிழ் அச்செழுத்துகளும் இங்கே செய்யப்பட்டு அங்கே போயின. அங்கிருந்து வந்த கடிதங்களை 1710 முதல் தொகுத்து அச்சிட்டார்கள். அவற்றைப் படித்து நன்கொடை கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு தமிழன் முகத்தையும் பார்த்திருக்க மாட்டார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் முன்னோடியான குளோரிந்தா அம்மையாருக்கு ஞானஸ்நானம் கொடுத்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரும் ஹாலேயில் படித்துவிட்டு வந்தவரே. எங்கள் திருநெல்வேலிச் சபையின் ஆதிக் கதையில் இந்த ஊர்க் காசும் இருக்கிறது. இந்த ஊரிலேயே குடியிருந்துகொண்டு, இங்குள்ளவனுக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று கேட்காமல் இருந்தால் அது நன்றிகேடு.

ஆனால் இங்கே எதைக் கொடுப்பது? சோற்றுக்கும் மருந்துக்கும் அரசாங்கம் பொறுப்பேற்கும் தேசம். அப்படியும் விடுபடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக 1993இல் பெர்லினில் தொடங்கிய டாஃபெல் என்னும் உணவு வழங்கும் அமைப்பு இப்போது நாடு முழுக்க 900க்கு மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. கடைகளில் மிஞ்சும் உணவை வாங்கித் தரம் பிரித்துக் கொடுப்பார்கள். அங்கே சில நாள் காய்கறி பிரித்திருக்கிறேன். வலைப்பையில் ஒரு ஆரஞ்சு பூஞ்சை பிடித்திருந்தால் பையைப் பிரித்து அதை மட்டும் எறிந்து, மற்றவற்றைத் துடைத்துக் கூடையில் வைக்க வேண்டும். கீரை வாடியிருந்தால் என்ன செய்ய என்று கேட்டேன். நீ வீட்டுக்கு எடுத்துப் போவாயா என்று திருப்பிக் கேட்டார் பக்கத்தில் நின்ற பெரியவர். இல்லை என்றேன். அப்படியானால் கூடைக்கும் வேண்டாம் என்றார். வாங்க வருகிறவர்கள் குறைந்த வருமானத்துக்கு அத்தாட்சி காட்டி, பெயருக்கு ஒன்றிரண்டு யூரோ கொடுத்து வாங்கிப் போகிறார்கள். அத்தாட்சி கேட்பது அசனத்தில் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு உறுத்தியது. அந்த ஒன்றிரண்டு யூரோவின் மரியாதை போகப் போகத்தான் பிடிபட்டது. காசு கொடுத்து வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியதில்லை.

பணமும் பண்டமும் ஒழுங்காகப் போய்ச் சேரும் இந்த நாட்டில் தட்டுப்பாடு நேரத்துக்குத்தான். ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் நாள் குறித்துக்கொண்டு போக வேண்டும். வந்த புதிதில் எனக்கு அந்த நேரத்தைக் கொடுத்தவர் எங்கள் சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அதிகாரபூர்வ அறிவிப்புகள் வரும் மஞ்சள் உறையில் ஒரு கடிதம் வந்து நான் பதறிப்போய் நின்றபோது, கடிதத்தைப் பார்க்கும் முன் உறையைக் கேட்டார். தபால்காரர் கையால் எழுதிய தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். கெடு இந்தத் தேதியிலிருந்து ஓடும், உறையைக் கிழித்தெறிந்துவிடாதே என்றார். பிறகு கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, கடிதத்தை வரிவரியாக வாசித்து, எனக்குப் புரிகிற ஜெர்மனில் சொன்னார். காப்பி ஆறிப்போகும் வரை அவசரப்படவில்லை. உங்களுக்கு நான் என்ன செய்ய என்று கேட்டபோது, கீழே இரண்டு கிரேட் தண்ணீர் இருக்கிறது, மூன்றாம் மாடிக்குத் தூக்கி வா என்றார். அதற்குப் பிறகு அவர் கதவைத் தட்ட எனக்குக் கூச்சமே இருந்ததில்லை.

இப்போது சனிக்கிழமை மத்தியானங்களில் என் அடுக்களை மேசைக்குக் கடிதங்கள் வருகின்றன. அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க என்று நம் மாணவர்கள் வருவார்கள். கீழ்வீட்டு சிரியாக்காரர் வாடகைக் கணக்கோடு வருவார். எனக்குத் தெரியாத கடிதமானால் ஆலோசனை மையத்துக்குக் கூட்டிப் போவேன். உண்மையைச் சொன்னால், சில சனிக்கிழமைகளில் அழைப்புமணி கேட்டால் எரிச்சல்தான் வரும். சபை வரியாக 45 யூரோ பிடிபடுவது தெரியாமலே போகிறது. இரண்டு மணி நேரம் போவது நன்றாகவே தெரிகிறது. ஏழை விதவை போட்ட இரண்டு காசைப் பற்றி இயேசு சொன்னது அந்த நேரத்தில் கொஞ்சம் விளங்குகிறது. மிச்சத்திலிருந்து கொடுப்பதற்கும் இருப்பதிலிருந்து கொடுப்பதற்கும் உள்ள தூரம் அது.

ஊர்க் கோபுரத்துக்கு அனுப்புவதை நான் நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன். ஆனால் நல்ல சமாரியன் கதையை இங்கே வந்த பிறகு வேறு விதமாக வாசிக்கிறேன். முன்பின் தெரியாதவனுக்கு உதவினான் என்றே எங்களுக்குப் பிரசங்கம் பண்ணினார்கள். எருசலேமுக்கும் எரிகோவுக்கும் இடைப்பட்ட அந்தச் சாலையில் அவனே அந்நியன். அங்குள்ளவர்கள் மதிக்காத இனத்தான். நான் வெளியூர்க்காரன், இது இவர்கள் பாடு என்று கடந்துபோக யாரைவிடவும் அவனுக்குத்தான் நியாயம் இருந்தது. அவன் பயணத்தை நிறுத்தினான், காயத்தைக் கட்டினான், சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான், திரும்பி வருவேன் என்றும் சொன்னான். புலம்பெயர்ந்து வாழும் கிறிஸ்தவனுக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி கிடையாது. குடியுரிமை கைக்கு வரும் வரை விருந்தாளியாகவே இருக்கலாம் என்ற சலுகையை அந்தக் கதை நமக்குத் தரவில்லை.