துரை கற்ற தமிழும் பிள்ளைகள் கற்கும் ஆங்கிலமும்

சுங்கைப்பட்டாணி, கெடா



ஊரிலிருந்து இங்கே வருகிற உறவுக்காரர்கள் கோலாலம்பூரையும் பினாங்கையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "மலேசியாவில் எல்லாரும் இங்கிலீஷில் வெளுத்துக் கட்டுகிறார்கள், உங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கவலையே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்கள் கெடா மாநிலத்தில் பீடோங், பாடாங் செராய், கோலக் கெட்டில் பக்கம் ஒரு வாரம் தங்கினால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இங்கே பிள்ளைகள் வீட்டிலும் தமிழ்ப்பள்ளியிலும் தமிழ் பேசுகிறார்கள், கடையிலும் இடைநிலைப் பள்ளியிலும் மலாய் பேசுகிறார்கள். ஆங்கிலம் பரீட்சைத் தாளோடு நின்றுவிடுகிறது.

இதற்கு நூறு வருஷக் கதை உண்டு. 1909இல் கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ்காரர் கைக்கு மாறியது. அதை ஒட்டிய காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஹார்வர்ட், டப்ளின், விக்டோரியா, ஸ்கார்பரோ என்று தோட்டங்களின் பெயரெல்லாம் ஆங்கிலம். பெயர்ப்பலகை வரைக்கும் வந்த அந்த மொழி தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் நுழையவில்லை. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை, கணக்கெழுதும் கிராணியிடம் ஆங்கிலத்தில் சொல்வார். யாழ்ப்பாணத்தவரோ மலையாளியோ, ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்த அந்தக் கிராணி, வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் தமிழில் சொல்வார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தண்டல் போடும் சத்தம்தான் பால்மரம் வெட்டுகிறவர் காதுக்கு எட்டும். துரையோடு நேருக்கு நேர் பேசும் தேவையே அவருக்கு வராதபடி ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள்.

தமிழ் கற்றுக்கொண்டது துரைதான். சீமையிலிருந்து வந்து இறங்கும் சின்னத் துரைமார் தமிழ் பேசப் பழக வேண்டும் என்பது தோட்ட உத்தியோகத்தில் எதிர்பார்க்கப்பட்ட தகுதி. இலங்கையில் சின்னத் துரைகளுக்காக ஃபெர்குசன் என்பவர் போட்ட கையடக்கத் தமிழ் வழிகாட்டிக்குப் பெயரே 'இங்கே வா'. வேலை ஏவுவதற்காகக் கற்ற தமிழ் அது. கூப்பிடுகிறவர் ஒருவர், கைகட்டி நிற்கிறவர் ஒருவர் என்ற அந்த வழக்கத்தில் மூன்று தலைமுறை வளர்ந்தது.

ஆங்கிலம் கற்க இடம் இல்லாமல் இல்லை. கெடாவின் தலைநகர் அலோர் ஸ்டாரில் 1908இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி பின்னாளில் சுல்தான் அப்துல் ஹமீது கல்லூரி ஆயிற்று. பிறகு பிரதமரான துங்கு அப்துல் ரகுமானும் மகாதீரும் அங்கே படித்தவர்கள். பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பக் கிராணி வீட்டில் வசதி இருந்தது. லயத்துப் பிள்ளைக்குத் தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பு முடிந்தது. 1970 தொடங்கி ஆங்கிலப் பள்ளிகள் வகுப்பு வகுப்பாக மலாய்க்கு மாறியபோது அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. 2003இல் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னார்கள். 2009இல் அதைக் கைவிட முடிவெடுத்து, பிறகு படிப்படியாக நிறுத்தினார்கள். அந்த இடைக்காலத்தில் படித்த பிள்ளைகளுக்கு 'போட்டோசிந்தசிஸ்' என்று எழுத்துப் பிழையில்லாமல் எழுத வரும். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு ரூலரை இரவல் கேட்க வாய் வராது.

இப்போது தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பட்டணத்துக் குடியிருப்புகளான தாமான்களில் இருக்கின்றன. பிள்ளைகள் வேலைக்காகப் பார்ப்பது கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையை. 1996இல் திறந்த இடம். இன்டெல், இன்ஃபினியான் எல்லாம் அங்கேதான். ஆபரேட்டர் வேலைக்கு மலாய் போதும். அதற்கு மேலே டெக்னீஷியன், சூப்பர்வைசர் என்றால் நேர்காணலில் ஆங்கிலம் வேண்டும்.

அதற்காகத்தான் சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசுகிறேன். அண்மையில் பீடோங்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்தவள். 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்றேன். அப்பா பெயர், பள்ளி, பொழுதுபோக்கு என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். ஓர் இலக்கணப் பிழை இல்லை. அடுத்து, வரும் வழியில் மழையா என்று ஆங்கிலத்தில் சாதாரணமாகக் கேட்டேன். திகைத்துவிட்டாள். விரல்கள் ஃபைலின் ஓரத்தை நெருடின. கேள்வி புரியாமல் இல்லை. மனப்பாடம் செய்யாத ஒரு வாக்கியத்தைப் பெரியவர் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது முறையா என்ற தயக்கம். கூட வந்திருந்த பாட்டி, "எங்க காலத்துல ஆபீஸ் வாசல்ல நின்னா வாயத் தொறக்கக் கூடாதும்மா, எல்லாம் கிராணி பேசிக்குவாரு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேத்தியின் தொண்டையில் நிற்பது அந்த ஆபீஸ் வாசல்தான்.

அதனால் மண்டபத்தில் நாங்கள் இலக்கணத்தை ஒதுக்கிவிட்டு, கேட்கவும் மறுக்கவும் உதவும் பேச்சிலிருந்து தொடங்குகிறோம். 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?' என்று தலை குனியாமல் கேட்பது முதல் பாடம். 'லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ' என்று சொல்லி அவகாசம் வாங்குவது அடுத்தது. 'ஐ டோன்ட் திங்க் ஸோ' என்பதற்குத்தான் நாள் பிடிக்கிறது. பெரியவர் சொல்வதை மரியாதை குறையாமல் மறுக்கலாம் என்பது வாய்க்கு வருவதற்கு முன் மனசுக்கு வர வேண்டும். இரண்டிரண்டு பேராக உட்கார்த்தி, ஒருவர் மேனேஜர், ஒருவர் வேலைக்காரர் என்று பேசவிட்டு, பிறகு ஆளை மாற்றுகிறேன். மேனேஜராக இருந்து பார்த்த பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது.

'கேன் ஆ?' (முடியுமா?), 'கேன் லா' (முடியும்) என்ற இந்த ஊர் ஆங்கிலத்தைத் திருத்த வேண்டாமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். வேண்டாம். கேன்டீனில் சீனரோடும் மலாய்க்காரரோடும் பழக அதுதான் உதவும். நேர்காணலுக்கு வேறு நடை என்று பிள்ளைகளே பிரித்துக்கொள்கிறார்கள். பேச ஆரம்பித்த பிள்ளையைத் திருத்தலாம், பேசாத பிள்ளையிடம் எதைத் திருத்துவது?

அந்தப் பெண் தொடர்ந்து வருகிறாள். போன வாரம் எனக்குப் புரியாத ஒரு மெஷின் வேலையைப் பற்றி அவளாகவே ஆங்கிலத்தில் விளக்கினாள். நடுவில் இரண்டு இடத்தில் வினைச்சொல்லின் காலம் தவறியது, நான் தடுக்கவில்லை.

மதுரைப் பக்கமோ தஞ்சைப் பக்கமோ உங்கள் ஊரிலும் இதே பிள்ளைகள் இருப்பார்கள். ஆங்கிலம் பேசத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், தபால் நிலையத்தார் எல்லாருக்கும் என் வேண்டுகோள் இது. வாரத்தில் ஒரு மணி நேரம், பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசுங்கள். தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். சிரிப்பவர்களையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.