முத்துச் சலாபமும் பறவைக் கணக்கும்

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்தில், சலாபம் கூடுவதற்கு முன்னரே பார்களைச் சோதிப்பது வழக்கம். குளியாட்களை இறக்கிச் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுப்பித்து, அவற்றின் முத்தை மதிப்பிட்டு, பார் முதிர்ந்ததோ இல்லையோ என்று சர்க்கார் தீர்மானிக்கும். 1961-க்குப் பின் இங்குச் சலாபம் கூடவேயில்லை.

நிற்க. அதே கரையில் இக்காலத்தே வேறொரு கணக்கு எடுக்கப்படுகின்றது. 2011-இல் தொடங்கிய தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பையே குறிக்கின்றோம். ஒரு தை மாதத்தில் நாங்களும் அதிற் கலந்து, வைகறையில் உப்பளங்களுக்குச் சென்றோம். கடல்நீர் முதலில் வந்து நிற்கும் தேக்கங்களிற் புழுவும் சிற்றிறாலும் மிகுதி; ஆதலின் கொசு உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் (எத்துணைப் பொருத்தமான பெயர்!) அங்கே நெருங்கி மேய்ந்தன. உப்பு உறையும் பாத்திகளிலோ இரை அரிது. கூட்டத்தில் நூறு பறவைகளை ஒவ்வொன்றாய் எண்ணி, அவை அடைத்த இடத்தையே அளவுகோலாகக் கொண்டு ஏனையவற்றை அளத்தல் முறை. இருமுறை எண்ணி முடிக்குந் தறுவாயில், பருந்தொன்று வட்டமிட, கூட்டம் முழுவதும் எழுந்துவிட்டது.

பாத்தி மிதித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், “எண்ணுனா மட்டும் கூடிருமா, தம்பிகளா?” என்றார். எங்களில் ஒருவரும் அப்பொழுது விடை பகரவில்லை.

சிப்பியை எண்ணச் செய்தது இலாபம். நம் நாட்டிற் பறவைகளுக்குப் பெருவாரியாக வளையமிடச் செய்ததோ அச்சம்! 1957-இல் கன்னட நாட்டுக் கியாசனூர்க் காட்டிற் புதிய காய்ச்சலொன்று தோன்ற, வடபுலத்துப் பறவைகள் உண்ணிகளோடு அந்நோயைக் கொணர்ந்தனவோ என்று ஐயுற்றனர். அதனாலேயே 1959-இல் உலக சுகாதார ஸ்தாபனம் பொருளுதவ, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் சாலிம் அலி அவர்கள் தலைமையில் அவ்வேலையைத் தொடங்கினர். காலில் எண் பொறித்த சிறு வளையத்தைப் பூட்டிப் பறக்கவிடும் இம்முறையை 1899-இல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்னும் ஆசிரியர் செம்மையாகக் கையாண்டார்.

அச்சங்கத்தைச் சார்ந்த பாலச்சந்திரன் அவர்கள் 1980-களில் மன்னார் வளைகுடாத் தீவுகளிற் கரைப்பறவைகளை ஆராய்ந்தார். கோடையில் எல்லாப் பறவைகளும் வடக்கே திரும்புவதில்லை; சில இங்கேயே தங்கிவிடுகின்றன. அவற்றுட் பெரும்பாலன இனப்பெருக்கத்திற்குரிய வயதை எட்டாத இளம் பறவைகள். கோடிக்கரையில் முன்னர்த் திரளாக வந்த சிறு உள்ளான்கள் பிற்காலத்தில் வெகுவாய்க் குறைந்தன என்பதும், ஆண்டுகள் பலவாக வளையமிட்டும் எண்ணியும் வந்தமையாலேயே தெரியவந்தது. மூதாட்டியாருக்கு நாங்கள் சொல்லியிருக்கக்கூடிய விடை இதுவே: எண்ணினாற் கூடாதுதான், எண்ணாவிடில் குறைந்ததும் தெரியாது.

குறைவன பறவைகள் மட்டுமல்ல. 1986-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட 21 தீவுகளுள், தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லி நீரில் மூழ்கிவிட்டது. தேய்ந்துவந்த வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பார்களைக் கடலில் இறக்கினர். ஏற்றத்தின்போது சேற்றுவெளி மறைய, ஆலாக்களும் உள்ளான்களும் ஒதுங்குவது இத்தகைய மணல் திட்டுகளிலேயாம்.

தை மாதக் கணக்கு வலசை வந்தவற்றைக் காட்டுமேயன்றித் தங்கிவிட்டவற்றைக் காட்டாது. ஆகவே வரும் ஆனியில் மீண்டும் உப்பளங்களுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். விருப்பமுள்ள மாணவர் பெயர் தரலாம். தொலைநோக்கி ஒன்றேயாதலால் அறுவருக்கு மேல் இடமில்லை.