தொட்டு எழுப்பும் துணை

தலைநகரில் உத்தியோகம் கிடைத்து, தமிழகத்தை விட்டு இங்கு வந்து குடியேறிய நம்மவர் பலருக்கும் பொதுவான அனுபவம் ஒன்று உண்டு. கரோல்பாக்கிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ குடித்தனம் தொடங்குகிறோம். குழந்தைகளைத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியில் படிக்க வைக்கிறோம். அவர்கள் வளர்ந்து பெங்களூருக்கோ கடல் கடந்தோ போய்விடுகிறார்கள். பழகிய தெரு, பழகிய கோயில், பழகிய சங்கம் என்று நாம் மட்டும் இங்கேயே தங்கிவிடுகிறோம். அப்போதுதான் முதுமை ஒவ்வொரு புலனாகக் கணக்குக் கேட்க வருகிறது. என்னிடம் அது முதலில் கேட்டது காதை.

காது மந்தமாவது ஒரே நாளில் நேர்வதன்று. முதுமையில் மேல்ஸ்தாயி ஒலிகளே முதலில் விடைபெறுகின்றன. பேச்சில் உயிரோசை காதில் விழும். மெல்லிய மெய்யோசை நழுவிவிடும். 'பசி' என்றாலும் 'பதி' என்றாலும் ஒன்றாகவே தோன்றும். பேச்சை ஊகித்துச் சமாளித்துவிடலாம். கூர்மையான எச்சரிக்கை ஒலிகளை ஊகிக்க இயலுமா? உலகில் 43 கோடி மக்களுக்குக் கேள்விக் குறைவுக்கான மறுவாழ்வு உதவி தேவைப்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் பேச்சொலிகளில் 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தோரைக் கேட்கும் திறன் குறைந்தோர் என்று வகைப்படுத்துகிறது. நானும் அந்த வகுப்பில் ஓர் உறுப்பினன்.

பகலில் காதுக் கருவி உண்டு. இரவில் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்ததும் உலகம் மௌனமாகிவிடும். என் மனைவி இருந்தவரை அந்த மௌனம் எனக்குப் பயம் தரவில்லை. அவளுடைய காதுகளே இரவில் என் காதுகளாக இருந்தன. அவள் மறைந்த பின், 2023ஆம் ஆண்டு தை மாதத்து இரவொன்றில், கீழ்வீட்டில் மின்கசிவால் புகை எழுந்தது. குடியிருப்பிலுள்ளோர் யாவரும் படியிறங்கித் தெருவில் நின்றபோது, நான் மட்டும் மாடியில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தேன். மணி அடித்தார்களாம்; கதவை இடித்தார்களாம். எதிர்வீட்டுப் பஞ்சாபி நண்பர் தம்மிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்து வந்து, என் தோளைத் தொட்ட பிறகே கண் விழித்தேன்.

பெங்களூரிலிருக்கும் மகள் மறுநாளே வந்து சேர்ந்தாள். "அப்பா, இனி இங்கே தனியாக இருக்க வேண்டாம், என்னோடு வந்துவிடுங்கள்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆயினும் நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டைக் காதின் பொருட்டுக் காலி செய்ய மனம் ஒப்பவில்லை. ஓர் ஆண்டு அவகாசம் கேட்டேன். "அதற்குள் எனக்கு ஒரு காவல் தேடிக்கொள்கிறேன்" என்றேன். அந்தக் காவல் நாய் உருவில் வரலாம் என்ற எண்ணம் அப்போதே மனத்தில் இருந்தது.

செய்தி தெரிந்ததும் சங்கத்து நண்பர்கள் ஆளுக்கோர் ஆலோசனை தந்தனர். "அல்சேஷன் வாங்குங்கள், திருடன் தெருமுனையிலேயே திரும்பிவிடுவான்" என்றார் ஒருவர். "நம் இராசபாளையம் இருக்க அயல்நாட்டு இனம் எதற்கு?" என்றார் தென்பாண்டி நாட்டு அன்பர் ஒருவர். இருவரும் கூறிய காவல், காது உள்ளவனுக்கு உரியது. நாய் குரைக்கும், வீட்டுக்காரன் கேட்டு எழுவான், விளக்கைப் போடுவான். இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணி வீட்டுக்காரனின் காது. அக்கண்ணி அறுந்த வீட்டில் நாய் எவ்வளவு உரத்துக் குரைத்தால் என்ன? ஊர் விழிக்கும், உரியவன் உறங்குவான். திருடனை நோக்கிப் பாயும் நாயால் எனக்குப் பயன் இல்லை. என்னை நோக்கி ஓடிவந்து, என்னைத் தொட்டு எழுப்பும் நாயே வேண்டும்.

இவ்வாறு நாய்களைப் பழக்கும் முறை 1970களில் அமெரிக்காவில் தொடங்கியது. இங்கிலாந்தில் 1982ஆம் ஆண்டு இதற்கென்றே ஓர் அறநிலையம் எழுந்தது. அதன் நாய்கள் அரக்கு நிறச் சட்டை அணிந்து எசமானரோடு கடைவீதிக்கும் வருகின்றன. முறை எளிதானது. அழைப்பு மணியோ அலாரமோ ஒலித்தால், நாய் எசமானரைக் காலாலோ மூக்காலோ தொடும். பிறகு ஒலி வரும் இடத்துக்கு அழைத்துச் செல்லும். தீ எச்சரிக்கை ஒலியானால் மட்டும் அங்கே அழைத்துச் செல்லலாகாது அல்லவா? அப்போது தொட்டுவிட்டுத் தரையில் படுத்துவிடும். படுத்தால் ஆபத்து என்பது பொருள். மனிதச் செவி ஒரு நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே உணரும். நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 வரை உணரும். இயற்கை அளித்த அந்த மிகுதியில் நமக்கும் கொஞ்சம் கடன் தருகிறது நாய்.

நம் நாட்டில் இத்தகைய பயிற்சி நிலையங்கள் பரவலாக இல்லை. ஆகவே நாயைத் தேர்வதும் பழக்குவதும் நம் பொறுப்பே. முதலில் இராசபாளையத்தைப் பற்றி விசாரித்தேன். 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை இந்திய நாயினங்களுக்கு நான்கு தபால்தலைகள் வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்றில் இடம்பெற்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் பால்வெள்ளை உடலும் ரோஜாநிற மூக்கும் கொண்ட அவ்வினத்தில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு என்று கால்நடை மருத்துவர் எடுத்துரைத்தார். உட்செவிக்கும் நிறமி உயிரணுக்கள் தேவை; அவை இல்லாவிடில் பிறந்த சில வாரங்களிலேயே ஒலியுணரும் நுண்கலங்கள் நசிந்துவிடும். புள்ளிகள் நிறைந்த டால்மேஷன் நாய்க்கும் இதே குறை உண்டு. செவிடனுக்குச் செவிட்டு நாய் காவல் என்றால் சங்கத்து நகைச்சுவை நாடகத்துக்கு வேண்டுமானால் உதவும்! வெள்ளைக் குட்டி வாங்குவோர், அது பாராத வேளையில் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கட்டும். தலை திருப்பாத குட்டிக்குக் காது கேட்காது. திருப்பியும் ஒலி வந்த திசை அறியாது விழிக்கும் குட்டிக்கு ஒரு காது கேளாமல் இருக்கலாம்.

குட்டி வளர்ப்பதில் எனக்கு வேறோர் இடையூறும் இருந்தது. இரவில் அது வெளியே போக வேண்டுமென்று முனகினால் யார் கேட்பது? ஒன்றரை, இரண்டு வயதான நாயாயின் அதன் குணம் முன்பே புலப்பட்டுவிடும். டிபன்ஸ் காலனி மேம்பாலத்தின் அடியில் 1979இல் தொடங்கிய பிரெண்டிகோஸ், ராஜா கார்டனில் 1980இல் தொடங்கிய சஞ்சய் காந்தி பிராணிகள் காப்பகம் முதலிய புகலிடங்கள் நம் நகரில் உள்ளன. அமெரிக்காவிலும் இப்பணிக்குரிய நாய்கள் பல, புகலிடங்களிலிருந்து எடுத்த கலப்பினங்களே என்று அறிந்தபின் என் தயக்கம் தீர்ந்தது.

புகலிடம் ஒன்றில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தேன். அங்கு நான் தேடிய இலக்கணம் ஒன்றே. கம்பிக்கு வெளியே ஒரு தட்டைக் கீழே போடச் சொல்வேன். சில நாய்கள் அஞ்சி மூலையில் ஒடுங்கின; அவை ஆகா. சில குரைத்துக்கொண்டே கம்பியில் பாய்ந்தன, அவையும் ஆகா. ஒரு பழுப்பு நாய் ஒலி வந்த திசையைப் பார்த்தது. உடனே திரும்பி என் முகத்தைப் பார்த்தது. 'இது என்ன?' என்று கேட்பதுபோல் இருந்தது அப்பார்வை. ஒலியைக் கேட்டபின் மனிதனின் முகம் நோக்கும் நாயே செவித்துணைக்கு உரிய நாய். கருத்தடையும் தடுப்பூசியும் முடித்திருந்த அந்த நாயை வீட்டுக்கு அழைத்து வந்தேன். நம் ஊர் வழக்கப்படி மணி என்று பெயரிட்டேன். இந்த வீட்டில் அப்பெயருக்குப் பொருளும் வாய்த்தது.

பயிற்சிக்கு ஆறு மாதம் ஆயிற்று. முதலில் உள்ளங்கையை நீட்டினால் மூக்கால் தொட வேண்டும். தொட்டால் ஒரு சிறு துண்டு பனீர். பிறகு எதிர்வீட்டுப் பேரன் அழைப்பு மணியை அழுத்துவான். அதே கணம் நான் கையை நீட்டுவேன். சில நாட்களில் கையை நீட்டாமலே மணியோசைக்கு வந்து தொடலாயிற்று. அதன்பின் நான் எழுந்து அதனுடன் கதவுவரை செல்வேன், பரிசு கதவருகில்தான். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. ஒரு சமயத்தில் ஓர் ஒலிக்கு மேலும் இல்லை. கட்டளைகள் யாவும் கைச் சைகைகளே. நாய் நம் சொல்லைவிட நம் உடலசைவை விரைந்து படிக்கிறது.

கடைசிப் பாடம் புகை எச்சரிக்கைக் கருவி. மாசி மாதத்தில் ஒரு நாள், எந்த நாள் என்று எனக்குச் சொல்லாமல், நண்பர் பின்னிரவில் கதவைத் திறந்து வந்து அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினார். குளிர்ந்த மூக்கொன்று என் கன்னத்தில் இருமுறை இடித்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மணி தரையில் படுத்திருந்தது. மறுநாள் மகளுக்கு எழுதினேன். இந்த வீட்டைக் காலி செய்யும் பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை.

தெருவிலும் அதன் காதுகள் எனக்குத் திசைகாட்டி. பின்னாலிருந்து வரும் மின்சார ரிக்‌ஷாவின் மெல்லோசைக்கு அதன் காது முன்பே திரும்பும். நான் ஒதுங்கி நிற்பேன். ஆனால் சாலையைக் கடக்க நாயை நம்பலாகாது. அது கண்ணின் வேலை. நாய்க்கும் நோய் வரும், உறக்கம் வரும். ஆகையால் தலையணைக்கடியில் அதிரும் கடிகாரமும், மணியடித்தால் மின்னும் விளக்கும் என் வீட்டில் இன்றும் உண்டு.

குடியிருப்பில் ஆட்சேபம் எழாமல் இல்லை. 2015ஆம் ஆண்டு இந்தியப் பிராணிகள் நல வாரியம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்க இயலாது. இவ்வாரியத்தின் வரலாற்றில் நம்மவர்க்கும் பங்கு உண்டு. கலாக்ஷேத்திராவைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராயிருந்து எடுத்த முயற்சியின் விளைவே 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டம். அதன்படி 1962இல் அமைந்த வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. சென்னையில் இருந்த அதன் தலைமையகம் 2018இல் அரியானாவிலுள்ள வல்லப்கருக்கு மாறியது. ஆனால் சட்டத்தைக் காட்டி அண்டை வீட்டாரை வெல்வதைவிட, கழிவை நாமே அகற்றியும் வாரை இறுகப் பிடித்தும் அவர்கள் மனத்தை வெல்வதே மேல்.

தெருநாய்க்கு அஞ்சுவோரின் அச்சமும் பொய்யன்று. வெறிநோய் கண்டபின் பிழைத்தோர் மிக அரியர். 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தலைநகர் வட்டாரத்துத் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கப் பணித்தது. பின்னர் 22ஆம் நாள் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின், வெறிநோயோ மூர்க்கமோ உடையவை தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. நாய்களை ஏற்று வளர்க்க விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம், ஏற்ற நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் காப்பது அவர்கள் பொறுப்பு என்றும் கூறியது. நாய்க்காகச் சொர்க்கத்தையே மறுத்த தருமபுத்திரன் ஆண்ட இந்திரப்பிரஸ்தம் இவ்விடமே என்பர். நாய்களையெல்லாம் காப்பது நம்மால் ஆகாது. ஒன்றை ஒழுங்காகக் காப்பது ஆகும்.

ஏற்போர் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். தில்லி மாநகராட்சிச் சட்டம் 1957இன் 399ஆம் பிரிவின்படி நாயைப் பதிவு செய்ய வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போட வேண்டும். ஊருக்குப் போவதாயின், முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுதும் தனித்துப் பெற்றால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ள இரயில்வே அனுமதிக்கும். இல்லையேல் அது கார்டு வண்டியின் கூண்டில் போக வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னை சேர ஏறத்தாழ 33 மணி நேரமாகும். அவ்வளவு நேரம் கூண்டில் விட எனக்கு மனம் வரவில்லை. நாயின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் என்பதையும், நம் ஆயுள் முந்திவிட்டால் அதை ஏற்பவர் யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். என் உயிலில் மணிக்கும் ஒரு வரி உண்டு.

காது மங்கியோர் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். கூட்டத்தில் பேச்சு விளங்காமல் புன்னகை செய்துகொண்டு அமர்ந்திருப்பவரைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அவர்களுக்கும் அவர்களுடைய மக்களுக்கும் நான் சொல்வது இதுவே: முதலில் செவியைச் சோதித்துக் கருவி அணியுங்கள், எச்சரிக்கைச் சாதனங்களைப் பொருத்துங்கள், அண்டை வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். அதன்பின், நடக்கக் காலும் பொறுக்க மனமும் இருந்தால், ஒரு நாயைத் தேடிச் செல்லுங்கள். உரத்துக் குரைக்கும் நாயைத் தேடாதீர்கள். ஓசை கேட்டதும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் நாயைத் தேடுங்கள்.