வேலியில்லாத திசை

கென்யாத் தலைநகர் நைரோபிக்குப் போனால் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வையுங்கள். நகர மத்தியிலிருந்து சுமார் 7 கிலோ மீற்றரில் இருக்கிறது நைரோபி தேசியப் பூங்கா. 1946இல் அமைந்த, அந்நாட்டின் முதலாவது பூங்கா. பரப்பு 117 சதுர கிலோ மீற்றர்.

விடியற்காலையில் நண்பரின் ஜீப்பில் நுழைந்தோம். புல்வெளியில் ஓர் ஒட்டகச்சிவிங்கி. அதன் முதுகுக்கு அப்பால் மாடிக் கட்டடங்கள்! சற்றுத் தள்ளிக் காண்டாமிருகமொன்று கன்றுடன் மேய்ந்தது. எனக்குக் கெமராவை விட்டுக் கண்ணெடுக்க முடியவில்லை.

"மூன்று பக்கமும் வேலி. தெற்கு மாத்திரமே திறந்திருக்கிறது" என்றார் நண்பர். மழை பெய்தால் வரிக்குதிரைகள் அவ்வழியே சமவெளிக்குப் போகும். வரட்சியில் தண்ணீர் தேடித் திரும்பும். இப்போது அச்சமவெளியில் வீடுகள் பெருகி, வழி ஒடுங்கி வருகிறது.

"எனக்கும் அங்கே ஒரு துண்டுக் காணி உண்டு" என்றார் மெல்ல.

ஞாயிறன்று அதைப் பார்க்கப் போனோம். வேலிக் கம்பங்கள் அடுக்கிக் கிடந்தன. அவற்றைச் சுற்றி வரிக்குதிரைகளின் குளம்படிகள்.

"பிள்ளைகளுக்காக வாங்கியது. வேலி போடாமல் எப்படி?" என்று கேட்டார். என்னிடம் பதிலில்லை. வாசகர்களே, நீங்களாயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?