ராஜா செய்த கலப்படம்!

பழைய காசு சேர்க்கிறவன் என்று ஒரு தடவை பேர் வாங்கிவிட்டால் போதும். தெருவில் யார் வீட்டில் பரண் சுத்தம் செய்தாலும் நம் வீட்டு காலிங் பெல்தான் அடிக்கும். "ஸார், இது எத்தனை லட்சம் போகும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "ஐம்பது ரூபாய் போகலாம்" என்றால் முகம் சுருங்கும். "போலி" என்று சொல்லிவிட்டாலோ, ராத்திரியோடு ராத்திரியாக நான்தான் மாற்றி வைத்தேன் என்பது போல் ஒரு பார்வை!

இதில் ரொம்பக் குழப்புபவை இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் காசுகள். ஏனென்றால் அப்போது கலப்படம் செய்தது கள்ளக்காசு அடிக்கிறவன் மட்டுமில்லை, சர்க்காரே செய்தது.

1939 வரை வந்த ரூபாயில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. போர் வந்ததும் ஜனங்கள் வெள்ளி ரூபாயைப் பானைக்குள் பதுக்க ஆரம்பித்தார்கள். 1940-ல் ஆறாம் ஜார்ஜ் தலை போட்டு வந்த புது ரூபாயில் வெள்ளி 50 பங்குதான். மீதி செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. எடை மட்டும் அதே ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். சாதாரணத் தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் கெட்டிக்கார சர்க்கார். தான் கலக்கலாம், மற்றவன் கலக்கக்கூடாது! புது ரூபாயின் விளிம்பில் வரிகளுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடவிட்டார்கள். அச்சில் வார்த்துக் காசு செய்கிறவனுக்கு அது லேசில் வராது.

அதனால் நான் முதலில் பார்ப்பது ராஜாவின் முகத்தை அல்ல, விளிம்பை. 1939 ரூபாய் கிடைப்பது அபூர்வம். அதனாலேயே போலிகளும் உண்டு. ஒரு நண்பர் ஆசையாக ஒன்றைக் கொண்டுவந்தார். தேதி 1939, விளிம்பில் பள்ளம்! "தலை ஒரு வருஷம், இடுப்பு இன்னொரு வருஷம் ஸார்" என்றேன். பாதி வெள்ளிக் காசில் யாரோ தேதியைத் திருத்தியிருக்கிறார்கள்.

"காந்தத்துல ஒட்டினா போலி" என்பது எல்லோருக்கும் தெரிந்த சாஸ்திரம். அதையும் முழுசாக நம்பக்கூடாது. புலி போட்ட 1947 ரூபாய் நிக்கல். அசல் காசுதான் காந்தத்தில் பாய்ந்து ஒட்டும்.

அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. செம்பு யுத்தத் தளவாடத்துக்குத் தேவைப்பட்டதால், 1943-ல் ஒரு சென்ட் காசை எஃகில் அடித்து, மேலே துத்தநாகம் பூசினார்கள். பழைய செம்புத் தகடு சில உள்ளே தங்கிப்போய், அதிலும் அச்சு விழுந்துவிட்டது. அப்படி ஒரு காசு 2019-ல் ஏலத்தில் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் போனது. விடுவார்களா? எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். காந்தம் காட்டிக் கொடுத்துவிடும். 1948-ன் எட்டைச் சுரண்டி மூன்றாக்குகிறார்கள். காந்தம் ஏமாறும், பூதக்கண்ணாடி ஏமாறாது.

எல்லாவற்றையும் விட நம்பகமானது ஆர்க்கிமிடீஸ் வழி. காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். பழைய ரூபாய் சுமார் 1.13 கிராம் எடை குறையும். பாதி வெள்ளி ரூபாய் 1.22. ஜெர்மன் சில்வர் போலி 1.35 பக்கம் போய்விடும். நுணுக்கமான தராசு இருந்தால் போதும்.

போன வருஷம் ஒரு பேரன், எண்பத்தேழு வயசுப் பாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். மடியிலிருந்து சுருக்குப் பை. உள்ளே பதினோரு ரூபாய்.

"தம்பி, இது 1955-ல என் கல்யாணத்துக்கு அப்பா சீர்த்தட்டுல வெச்சது. மாமியார் பத்தர்கிட்ட கொடுத்து உரசிப் பார்த்தாங்க. பாதிதான் வெள்ளின்னுட்டார். 'உங்கப்பன் கள்ளக்காசு வெச்சு ஏமாத்திட்டான்'னு அவங்க சாகற வரைக்கும் சொல்லிக் காட்டினாங்க. எனக்கு விலை வேணாம். அப்பா ஏமாத்தினாரா, இல்லியா? அது மட்டும் சொல்லு."

எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. எத்தனையோ பேரிடம் "போலி" என்று சொல்லியிருக்கிறேன். இந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொன்றாக எடுத்தேன். 1942, 1944, 1945... பதினொன்றிலும் பள்ளம் சுத்தமாக ஓடியது. தண்ணீரில் நிறுத்தேன்: 1.22, 1.22, 1.21...

"அம்மா, பத்தர் சொன்னது பொய்யில்லை. வெள்ளி பாதிதான். ஆனா கலந்தது உங்கப்பா இல்லை, ஜார்ஜ் மன்னர்! பதினொண்ணும் அசல் சர்க்கார் காசு. பத்தர் உரசிப் பார்த்தார், வருஷத்தைப் படிக்கலை."

பாட்டி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் காசுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுச் சுருக்கை இழுத்தார்.

"டேய், வீட்டுக்குப் போனதும் இதை எடுத்து உன் கொள்ளுப்பாட்டி போட்டோவுக்கு முன்னால வெய்யி. ஒரு நாள் பூரா அங்கேயே இருக்கட்டும். நல்லா பார்க்கட்டும்!"